வளைவில் 1948, பெரியவர்கள் சொல்வது 1924: ஓர் அரசுப் பள்ளியின் வயதை எப்படிக் கணக்கிடுவது?

உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் நுழைவு வளைவில் "தோற்றம் 1948" என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்களோ 1924ஆம் ஆண்டிலேயே அங்கே பள்ளிக்கூடம் நடந்தது என்கிறார்கள். நூற்றாண்டு விழா எடுத்து மலர் வெளியிட விரும்பும் முன்னாள் மாணவர்கள் எந்த ஆண்டை அச்சிடுவது, பள்ளிக்கும் ஊருக்கும் இருந்த உறவைப் பற்றி நம்பத்தக்கதாக எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இது இரண்டு ஆண்டுகளில் எது சரி என்ற கேள்வியைப் போலத் தோன்றினாலும், ஒரு பள்ளிக்கூடம் "தொடங்கியது" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதே உண்மையில் உங்கள் கேள்வி. அதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் இரண்டு ஆண்டுகளும் சரியாக இருக்க முடியும் என்பது விளங்கும். வரலாற்றுப் பட்டதாரி ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பின் மூன்று பள்ளிகளின் மலர்க்குழுக்களோடு உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். நான் சொல்வது போர்டு பள்ளியாக இருந்து அரசுப் பள்ளியான இடங்களுக்கே பொருந்தும். மிஷன் பள்ளிகளுக்கும் தனியார் நிர்வாகத்தின் உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆவணங்கள் வேறிடத்தில், வேறு முறையில் இருக்கும். அவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி போர்டுச் சட்டமும், அதை மாற்றியமைத்த 1920ஆம் ஆண்டுச் சட்டமும் சாலை, மருத்துவமனை, சத்திரம் ஆகியவற்றோடு பள்ளிக்கூடங்களையும் தாலுகா போர்டு, ஜில்லா போர்டு என்ற அமைப்புகளின் பொறுப்பில் வைத்தன. இன்றைய ஊராட்சி ஒன்றியத்தை மனத்தில் வைத்து ஜில்லா போர்டை எடைபோட்டுவிடக் கூடாது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் வரிப்பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் பாதையே போட்டது. அந்தப் பாதை 1894இல் திறக்கப்பட்டது. தாலுகா போர்டுகள் 1934இல் எடுபட்டு, அவற்றின் பள்ளிகள் பிற அமைப்புகளுக்குக் கைமாறின. ஆகவே உங்கள் பெரியவர்கள் "அப்போது அது தாலுகா போர்டு ஸ்கூல்" என்று சொன்னால், அந்த ஒரு சொல்லே ஒரு சான்று: அந்த நினைவு 1934க்கு முந்தியது, அல்லது அதற்கு முந்தியவர்களிடமிருந்து கேட்டது. மக்கள் ஆண்டை மறந்துவிடுவார்கள், பெயரை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. "எந்த வருஷம் படித்தீர்கள்?" என்று கேட்பதைவிட "பள்ளிக்கூடத்தை அப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்பது பலனளிக்கும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்தது, இன்றைய தலைமுறைக்குத் தெரியாத ஒரு பிரிவினை. அன்று தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியுமாக இருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு இரண்டு பாதைகள் பிரிந்தன. ஹையர் எலிமெண்டரி பள்ளியில் தொடர்ந்து படித்தவர் எட்டாம் வகுப்பு முடித்து ஈ.எஸ்.எல்.சி. தேர்வு எழுதினார், பெரும்பாலோருக்குப் படிப்பு அதோடு நின்றது, சிலர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார்கள். முதல் பாரத்தில் (ஃபார்ம் என்பதன் பேச்சு வடிவம்; இன்றைய ஆறாம் வகுப்பு) சேர்ந்தவர் ஆறு பாரங்கள் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார். பாரத்தில் படிக்கப் "பள்ளிச் சம்பளம்" கட்ட வேண்டும். சலுகை பெற்றவர்களைத் தவிர்த்தால், சம்பளம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாதை இல்லை. ஆகவே ஓர் ஊருக்கு ஹைஸ்கூல் வந்தது என்றால், இன்னும் சில வகுப்பறைகள் கட்டப்பட்டன என்று மட்டும் பொருளல்ல; பக்கத்து நகரத்தில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் செலவழிக்க இயலாத குடும்பங்களுக்கு இரண்டாவது பாதை முதன்முறையாகத் திறந்தது என்று பொருள். வளைவில் 1948 என்று எழுதியவர் பெரும்பாலும் இந்தத் திறப்பைத்தான் தோற்றமாகக் கருதியிருப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த 1948ஐச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் மூன்று பாரங்கள் நடந்துகொண்டிருந்த ஒரு பள்ளியை ஹைஸ்கூலாக உயர்த்தினால், அந்த ஜூன் மாதம் நான்காம் பாரம் மட்டும் தொடங்கும். மறு ஆண்டு ஐந்தாம் பாரம், அதற்கு மறு ஆண்டு ஆறாம் பாரம். 1948 ஜூனில் நான்காம் பாரம் தொடங்கியிருந்தால் முதல் அணி 1951இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருக்க வேண்டும். பாரங்களே இல்லாத ஊரில் முதல் பாரத்திலிருந்து தொடங்கினார்கள் என்றால், அதே தேர்வு 1954இல் வந்திருக்கும். எனவே உங்கள் பள்ளியின் முதல் எஸ்.எஸ்.எல்.சி. அணி எந்த ஆண்டுடையது என்று கண்டுபிடித்துப் பின்னோக்கி எண்ணுங்கள். அதற்கான ஆவணம் பள்ளியில் இல்லாவிட்டாலும் ஊரில் இருக்கும். பழைய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் இன்றைய ஒற்றைத் தாள் அல்ல, சிறு புத்தகம். வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் தேவைப்பட்டதால் அதை யாரும் தொலைப்பதில்லை. எண்பதைத் தாண்டியவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் பட்டா, பத்திரங்களோடு அதுவும் இருக்கும். அதில் பள்ளியின் அன்றைய அதிகாரபூர்வமான பெயர் தலைமையாசிரியரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் இருக்கும். நாலைந்து வெவ்வேறு ஆண்டுப் புத்தகங்களைப் பார்த்தால், பள்ளியின் பெயர் எப்போதெல்லாம் மாறியது என்ற வரிசை தானே கிடைத்துவிடும்.

பெயர் மாறிய காலங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டுகள் மறைந்தன. அவற்றின் ஹைஸ்கூல்கள் சில ஆண்டுகள் தனி ஏற்பாட்டில் நடந்து, 1970இல் அரசுப் பள்ளிகளாயின. 1978இல் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பு மாறி, பத்தும் இரண்டும் சேர்ந்த முறை வந்தபோது பல உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாயின. முதல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 1980இல் நடந்தது. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். உங்கள் ஊர் அங்கே இருந்தால் மேலே சொன்ன போர்டுக் கதையை அந்த இணைப்புக்கு முந்தைய காலத்துக்குப் பொருத்தக் கூடாது.

இனி 1924. நூற்றாண்டு விழாவுக்கு அடிப்படையே இந்த ஆண்டுதான் என்பதால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். சேர்க்கைப் பதிவேடுதான் தலையாய சான்று. அது நிரந்தரமாகக் காக்கப்பட வேண்டிய ஆவணம். முதல் தொகுதியின் முதல் பக்கத்தில் சேர்க்கை எண் 1 எந்தத் தேதியில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆனால் மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் மிகப் பழைய தொகுதி 1948இல்தான் தொடங்குகிறது என்றால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளி தரம் உயர்த்தப்பட்டபோது முதல் ஐந்து வகுப்புகளைப் பிரித்து, அதே வளாகத்திலோ சுவருக்கு அப்பாலோ தனித் தொடக்கப் பள்ளியாக வைப்பது வழக்கம். அப்படிப் பிரிந்தபோது பழைய பதிவேடு பெரும்பாலும் சிறிய பள்ளியோடு போயிற்று. நான் உதவிய ஒரு பள்ளியில் இரண்டு மாதம் பெரிய அலுவலகத்தின் பீரோக்களைக் குடைந்தோம்; கடைசியில் எதிரே இருந்த ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை தன் மேசைக்கு அடியிலிருந்து துணியில் கட்டிய மூட்டையை எடுத்துத் தந்தார். அப்படியானால் நூறு வயது எந்தப் பள்ளிக்கு? ஆவணத் தொடர்ச்சிப்படி பார்த்தால் அந்தச் சின்னப் பள்ளிக்குத்தான். இதைச் சொன்னால் மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பள்ளிகளும் சேர்ந்து விழா எடுப்பதே நேர்மையானது என்பது என் கருத்து. அந்த ஊரில் அப்படித்தான் செய்தார்கள். பெண்கள் பள்ளி தனியாகப் பிரிந்த ஊர்களிலும் இதே சிக்கல் உண்டு: பழைய பதிவேடு ஆண்கள் பள்ளியில் தங்கிவிடுவதால், பெண்கள் பள்ளி பிரிந்த ஆண்டைத் தன் பிறந்த ஆண்டாக எண்ணிக்கொண்டிருக்கும், அதற்கு முன் அங்கே படித்த பெண்கள் இரண்டு கணக்கிலும் சேராமல் போவார்கள்.

பதிவேட்டைப் படிக்கும்போது அதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் முக்கியம். சேர்ந்த தேதி, வகுப்பு, விலகிய தேதி ஆகியவை அன்றன்று எழுதப்பட்டவை, நம்பலாம். பிறந்த தேதியை நம்ப வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட முடிந்த பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததாகக் கொண்டு, அதற்கேற்ப ஒரு தேதியை ஆசிரியரே எழுதிய காலம் அது. பாதி வகுப்பு மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பதைப் பார்ப்பீர்கள். தந்தையின் தொழில், அம்மை குத்தப்பட்டதா இல்லையா போன்ற கலங்கள் ஊர் வரலாற்றுக்குப் பொன்னானவை. முதல் இருநூறு பெயர்களுக்கு எதிரே உள்ள தொழில்களை மட்டும் எண்ணிப் பட்டியலிட்டாலே, அந்தப் பள்ளி யாருக்காகத் திறந்தது, யார் எத்தனை ஆண்டு கழித்து உள்ளே வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். தனி ஆள் எவருடைய சாதியையும் மதிப்பெண்ணையும் மலரில் அச்சிடாதீர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தொகையாகச் சொன்னால் போதும்.

இந்த எண்ணிக்கையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. "சாதி மத வேறுபாடு இன்றி அனைவரும் ஒன்றாகப் பயின்றோம்" என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லா மலர்களிலும் இருக்கும். சொல்பவர் பொய் சொல்லவில்லை, தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். ஆனால் பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று நீதிக்கட்சிக் காலத்திலேயே அரசு ஆணைகள் இருந்தும், ஊருக்கு நடுவில் இருந்த பள்ளிகளில் அவை உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. உங்கள் பள்ளியில் எப்போது நடைமுறைக்கு வந்தது என்பதைப் பதிவேடு ஒன்றுதான் சொல்லும். பெண்கள் விஷயமும் அப்படியே: தொடக்க வகுப்புகளில் கணிசமாக இருக்கும் பெண் பெயர்கள் ஆறாம் பாரத்துக்கு வரும்போது எத்தனை மிஞ்சின என்று எண்ணிப் பாருங்கள். விழா மேடையில் இதைச் சொல்வது சங்கடமாக இருக்கலாம். மலரில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கொடையாளிகளைப் பற்றி எழுதும்போது நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். ஒரு மலரில், பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் என்று ஊரே சொன்ன ஒரு செல்வந்தரின் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டோம். மலர் வெளிவந்த மறு மாதம் ஒரு முதியவர் தானப் பத்திரத்தின் நகலோடு வந்தார். நிலத்தில் பாதிக்கு மேல் கொடுத்தவர் கணவரை இழந்த ஒரு பெண்மணி. செல்வந்தர் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், மீதி நிலத்தைக் கொடுத்தவர். நாங்கள் பத்திரத்தைத் தேடவே இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கும் பத்திர நகலுக்கும் மனுக்கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விளையாட்டுத் திடல் வாய்மொழியாகக் கொடுக்கப்பட்டு, இன்றுவரை பள்ளியின் பெயருக்கு மாறாமல் கிடப்பதை இப்படித்தான் சில ஊர்கள் கண்டுபிடித்தன. அந்த ஒன்றுக்காகவே இந்தத் தேடல் தகும்.

ஊர்மக்கள் பங்களிப்பைப் பொறுத்தவரை, தரம் உயர்த்தும் ஆணை வர வேண்டுமானால் நிலமும் பங்குத் தொகையும் ஊரார் திரட்டிக் கொடுப்பது நீண்டகால நடைமுறை. அதற்காக வீடுவீடாகவும் களத்துமேட்டிலும் வசூல் நடந்த கதைகள் உங்கள் ஊரிலும் இருக்கும். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மேசை, நாற்காலி, சுவர்க்கடிகாரம், கிணறு, வகுப்பறை என்று ஊரார் கொடுத்தவை மேடையில் அறிவிக்கப்பட்டன. உங்கள் பள்ளியின் பழைய பீரோவின் பக்கவாட்டிலும் பெஞ்சின் முதுகிலும் "உபயம்" என்று பெயிண்டில் எழுதியிருப்பதைப் படம் பிடித்து வையுங்கள். அடுத்த வெள்ளையடிப்பில் அது போய்விடும். பெரிய கொடைகளுக்குக் கல்வெட்டு இருக்கிறது, ஒரு பெஞ்சு கொடுத்த டீக்கடைக்காரருக்கு அந்தப் பெயிண்டு எழுத்து மட்டுந்தான்.

வாய்மொழி நினைவு எதில் வலுவானது, எதில் வழுக்குகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "காமராசர் போட்ட மதிய உணவை இந்த ஹைஸ்கூலில் சாப்பிட்டுத்தான் படித்தேன்" என்று பலர் எழுதித் தருவார்கள். 1956இல் தொடங்கிய அந்தத் திட்டம் தொடக்கக் கல்வி மாணவர்களுக்கானது, பாரங்களுக்கானது அன்று. எம்.ஜி.ஆர். 1982இல் கொண்டுவந்த சத்துணவும் 1984இல்தான் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கு விரிந்தது. எழுதித் தருபவர் சாப்பிட்டது உண்மை. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் சாப்பிட்டதை இந்தக் கட்டடத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார். இப்படி வரும்போது திருத்தி எழுதாமல், அவர் சொன்னதை அப்படியே போட்டு, அடியில் ஒரு வரிக் குறிப்புச் சேர்ப்பது என் வழக்கம். இதற்கு மாறாக, ஆசிரியர்களின் பட்டப்பெயர், மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு, ஆண்டுவிழா நாடகத்தில் பெண் வேடம் கட்டியவர், கபடிப் போட்டியில் எந்த ஊரிடம் தோற்றோம் என்பவற்றில் நினைவு அநேகமாகப் பிசகுவதில்லை. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் குரல் பெரியவர் சொன்னதே வரலாறாகிவிடும்.

பள்ளியைத் தொட்டுச் சென்ற பெரிய நிகழ்வுகளைத் தேட, தலைமையாசிரியரின் சுற்றறிக்கைக் குறிப்பேடும் வருகைப் பதிவேடும் உதவும். 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. 1940இல் அது திரும்பப் பெறப்பட்டது. உங்கள் பள்ளி அப்போது ஹைஸ்கூலாக இல்லை என்றால் அந்தக் கதையில் அதற்கு இடமில்லை, ஆர்வத்தில் சேர்த்துவிடாதீர்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த 1965 ஜனவரி, பிப்ரவரிக்கான குறிப்பேடு கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். எந்த நாளில் வகுப்பு நடக்கவில்லை, யாரை எச்சரித்தார்கள் என்று நாலு வரியில் எழுதியிருப்பது, பிற்காலத்தில் எழுதப்பட்ட நாற்பது பக்க வீரக்கதையைவிட மதிப்புள்ளது. பள்ளிக்கு வெளியே தேடுவதானால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுக்கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளும் அரசிதழ்களும் இருக்கின்றன. ஒரு நாளில் முடிகிற வேலையன்று, எந்த ஆண்டைத் தேடுகிறோம் என்று ஓரளவு தெரிந்துகொண்டு போனால்தான் பயன். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் உங்கள் ஊருக்கு எதிரே அன்று என்னென்ன பள்ளிகள் இருந்தன என்று பார்ப்பது எளிய தொடக்கம்.

உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். 1924இல் ஒரு சேர்க்கைப் பதிவோ போர்டு ஆவணமோ கிடைத்தால் தயங்காமல் நூற்றாண்டு விழா எடுக்கலாம். பெரியவர்களின் சொல் மட்டுமே இருந்தால், அழைப்பிதழில் "1920களில் தொடங்கியதாக ஊரார் நினைவுகூரும்" என்று எழுதி விழா எடுங்கள். யாரும் உங்களைக் கோபிக்கப் போவதில்லை, பின்னால் ஆவணம் கிடைத்தாலும் வெட்கப்பட வேண்டியிருக்காது. பதிவேடுகளைத் தலைமையாசிரியரின் எழுத்து அனுமதியோடு பள்ளியிலேயே வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருப்பாமல் விட்டவர்களால் இரண்டு தொகுதிகள் காணாமல் போன ஒரு பள்ளியை எனக்குத் தெரியும். வளைவில் இருக்கும் 1948ஐ அழிக்க வேண்டாம், அதை எழுதியவர்களிடம் ஒரு காரணம் இருந்தது. அதன் கீழே ஒரு கல்லில், தாலுகா போர்டுப் பள்ளியாக இன்ன ஆண்டு, ஜில்லா போர்டு ஹைஸ்கூலாக 1948, அரசுப் பள்ளியாக 1970, மேல்நிலைப் பள்ளியாக இன்ன ஆண்டு என்று நான்கு வரிகளைப் பொறியுங்கள். சான்று கிடைக்காத வரியில் ஆண்டுக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.